மூலமும் உரையும் சேராமை: மடத்துக்குளம் வட்டாரத்துச் சப்டைட்டில்கள் குறித்து ஒரு முதற்கட்ட ஆராய்ச்சி

கடத்தூர் கோயில் கல்வெட்டுகளைத் தொல்லியலார் படித்துவிட்டார்கள். அமராவதி கூட்டுறவுச் சர்க்கரை ஆலையின் அரவையைப் பற்றிப் பருவந்தோறும் செய்தி வந்ததுண்டு. ஆனால் மடத்துக்குளம் சுற்றுவட்டார நூற்பாலை ஆஸ்டல்களில் வாராவாரம் எழும் ஒரு கேள்வியை முனைவர் பட்டத்துக்கு எடுத்துக்கொள்ள ஆளில்லை. "ஏனுங்ணா, படம் ஓடுது, எழுத்தைக் காணோமுங்களே?"

சப்டைட்டில் பிறமொழிப் படத்துக்கானது என்பது பட்டணத்துக் கொள்கை. மூன்று ஷிப்ட் ஓடும் மில்லில் அது செல்லாது. ஆஸ்டல் அறையில் எந்த நேரமும் யாராவது ஒருவர் தூங்கிக்கொண்டிருப்பார். சத்தம் வைத்தால் செருப்பு பறந்து வரும். தூங்காதவருக்கோ எட்டு மணி நேரம் ரிங் ஃப்ரேம் ஓட்டிவிட்டு வந்த காது. ஆகவே இங்கே தமிழ்ப் படத்துக்கே தமிழ் எழுத்து வேண்டும். ஒடிசாவிலிருந்து வந்தவருக்கு அதே படம் வேறு எழுத்தோடு வேண்டும் என்பது கிளைக் கருதுகோள்.

இனி வரையறை. படம் மூலம், சப்டைட்டில் உரை. உ.வே.சா. 1887-இல் சீவக சிந்தாமணியை நச்சினார்க்கினியர் உரையோடு அச்சிட்டபோது, ஏட்டில் மூலம் எது, உரை எது என்று பிரித்தெடுக்கப் பட்ட பாடு தமிழுலகம் அறிந்தது. நமது சிக்கல் நேர் எதிரானது. பிரிந்தே கிடக்கிறது, சேரமாட்டேன் என்கிறது.

உரை மூன்று நிலைகளில் காணப்படும். படத்தின் மேலேயே பதிந்துவிட்டது முதல் நிலை. தூர்தர்ஷன் ஞாயிறு மதியம் பிறமாநிலப் படங்களை ஆங்கில எழுத்தோடு காட்டியது இவ்வகையில்தான். பிடிக்கிறதோ இல்லையோ, எழுத்து வந்தே தீரும். மூலமும் உரையும் ஒரே கட்டடத்தில் இருப்பது இரண்டாவது: எம்கேவி. உரை தனிச் சுவடியாக அலைவது மூன்றாவது: எஸ்ஆர்டி. வழக்குகள் பெரும்பாலும் மூன்றாவதில்தான்.

எஸ்ஆர்டியின் உடலமைப்பு எளியது. ஓர் எண், அதன்கீழ் தொடக்க நேரமும் முடிவு நேரமும், நடுவே ஓர் அம்புக்குறி, பிறகு வசனம், பிறகு ஒரு வெற்று வரி. நோட்பேடில் திறந்து யாரும் திருத்தலாம். நொடிக்குப் பின் காற்புள்ளி வரும். சப்ரிப் என்ற அதன் தாய் மென்பொருள் பிரான்சில் பிறந்தது. அங்கே தசமத்துக்குக் காற்புள்ளிதான். இணையத்துக்கென்று பின்னால் வந்த வெப்விடிடியில் அதே இடத்தில் முற்றுப்புள்ளி. ஒன்றின் பின்னொட்டை மட்டும் மாற்றி மற்றதாக வேடமிட்டால் சில பிளேயர்கள் பெருந்தன்மையாக ஏற்கும், சில வாயே திறக்காது. 'சப்' என்ற பின்னொட்டோ இன்னும் மோசம். மைக்ரோடிவிடியில் அது ஃப்ரேம் எண்ணிக்கை எழுதிய வெறும் எழுத்துக் கோப்பு. வாப்சப்பில் எழுத்தே கிடையாது, எல்லாம் படம், பக்கத்தில் ஐடிஎக்ஸ் என்றொரு துணைக்கோப்பும் வேண்டும். ஒரே பெயரில் இரண்டு ஆசாமிகள் இருந்தால் ரேஷன் கடையிலேயே தகராறு வரும்.

அடுத்து கால வழு. நொடிக்கு 24 ஃப்ரேமில் எடுத்த படத்தை 25 ஃப்ரேமில் ஓட்டினால் 150 நிமிடப் படம் 144 நிமிடத்தில் முடிந்துவிடும். பழைய கணக்குப்படி எழுதிய எஸ்ஆர்டி இடைவேளையில் 3 நிமிடமும் கிளைமாக்சில் 6 நிமிடமும் பின்தங்கும். வில்லன் செத்து, போலீசும் வந்து, குடும்பம் கட்டிப்பிடித்து நிற்கையில் கீழே "உன்னை விடமாட்டேன்டா" என்று ஓடும். இதற்கு வி.எல்.சி. பிளேயரில் ஜி, எச் விசைகளைத் தட்டும் பழக்கம் ஆஸ்டலில் பரவலாக உண்டு. தட்டுக்கு 50 மில்லிநொடி நகரும். ஆனால் இது தள்ளிப்போன நோயல்ல, இழுபட்ட நோய். பத்து நிமிடத்தில் மறுபடி விலகும். மருந்து வேறு பெட்டியில், சப்டைட்டில் வேகம் என்ற அமைப்பில் இருக்கிறது. அதுவரை போய்ப் பார்த்தவர்களை இவ்வாய்வாளர் பண்டிதர் என்றே குறிப்பிடுவார்.

எழுத்து வழு இவ்வாராய்ச்சியின் இதயம். ஒருங்குறி பரவுவதற்கு முன் தமிழுக்கு டிஸ்கி, டாப், டாம், பாமினி என்று ஆளுக்கொரு குறியாக்கம் இருந்தது. பாமினியில் அடித்த கோப்பை அந்த எழுத்துரு இல்லாத பிளேயரில் திறந்தால் 'தமிழ்' என்ற சொல் ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி என்று வரும். ஒருங்குறிக் கோப்பும் தப்பவில்லை. யுடிஎஃப்-8-இல் தமிழின் ஒவ்வொரு குறிக்கும் மூன்று பைட்டு. 'தமிழ்' மட்டுமே 15. இதை மேலைநாட்டுக் குறியாக்கம் என்று நம்பிப் படிக்கும் பிளேயர், தலையில் கோடு இழுத்த ஏ-யையும் வட்டத்துக்குள் மாட்டிய ஆர்-ஐயும் வரிவரியாகக் கொட்டும். குறியாக்கம் சரியாக அமைந்தாலும் கொம்பு நிற்க வேண்டும். கணினியின் சேமிப்பில் 'கெ' என்பதற்கு ககரம் முதலில், கொம்பு பிறகு. திரையில் கொம்பை முன்னுக்குக் கொண்டுவருவது எழுத்தை வடிவமைக்கும் நிரலின் வேலை, ஹார்ஃப்பஸ் அத்தகையது. அது இல்லாத பிளேயரில் கொம்பு பின்னால் தொங்கும், சமயத்தில் ஒரு புள்ளி வட்டத்தையும் சுமந்துகொண்டு. ஓலையில் புள்ளியும் இல்லை, எகர ஏகார வேறுபாடும் இல்லை. எகர ஏகாரத்தை வீரமாமுனிவர் வந்து திருத்தினார். தொலைக்காட்சிப் பெட்டிகளுக்கு இன்னும் ஒரு முனிவர் வரவில்லை. யுஎஸ்பியில் எஸ்ஆர்டியை எடுத்துக்கொள்ளும் பெட்டியிலும் தமிழ் எழுத்துரு இல்லாவிட்டால் வரிசையாகக் கட்டங்கள்தான்.

மேலே சொன்ன வி.எல்.சி. 1996-இல் பாரிஸ் எக்கோல் சென்ட்ரால் மாணவர்கள் தொடங்கியது. தெருவில் கிடந்த போக்குவரத்துக் கூம்புகளை அவர்கள் சேர்த்ததால் அதுவே சின்னமாயிற்று. 2022 பிப்ரவரியில் அதன் இணையதளம் இந்தியாவில் முடக்கப்பட்டு, நவம்பரில் திறந்தது. மடத்துக்குளம் செல்போன் கடை அண்ணனுக்கு இச்செய்தியைச் சொன்னபோது அவர் பென் டிரைவைக் காட்டினார். செட்டப் கோப்பு பல வருடமாக அதில் இருக்கிறது.

கோப்பின் பெயரும் படத்தின் பெயரும் ஒன்றாக இருந்தால் உரை தானே வந்து ஒட்டிக்கொள்ளும் என்பது எல்லாத் தரப்பும் ஏற்கும் ஒரே விதி. அதையும் மீறுவோர் உண்டு. படத்துக்கு 'புதுசு' என்றும் எழுத்துக்கு 'புதுசு ரெண்டு' என்றும் பெயர் வைப்பார்கள்.

களத்தில் கண்ட மாற்றுமுறை ஒன்றைப் பதிவு செய்வது கடமை. ஓர் ஆஸ்டலில் ஆங்கிலம் தெரிந்த ஒரு தம்பி கட்டிலில் சாய்ந்தபடி திரையின் ஆங்கில எழுத்தைப் பார்த்துக் கொங்குத் தமிழில் தணிந்த குரலில் சொல்லிக்கொண்டே வருகிறார். "அவன் இவளைக் கட்டமாட்டேங்கறான்டா." பொழிப்புரை உடனுக்குடன். பாட்டு வந்தால் உரை கிடையாது, டீ. எஸ்ஆர்டி, சப், எம்கேவி, கட்டம், கொம்பு எதுவும் அவரைத் தடுப்பதில்லை. பகல் ஷிப்ட் வாரத்தில் மட்டும் கிடைப்பார்.