ஆபத்தான கூரிய பொருள் குறித்து ஒரு பணிவான விண்ணப்பம்

இருந்த இடத்திலிருந்தே இந்தியாவை வாங்க வைக்கும் இணைய அங்காடியின் வாடிக்கையாளர் நலப் பிரிவு மேலாளர் அவர்களின் மேலான சமூகத்துக்கு, ஏற்காட்டிலிருந்து ஒரு கத்திக்காரன் எழுதிக்கொள்வது.

தங்கள் பதில் கிடைத்தது. ‘தாங்கள் திருப்பித் தர விரும்பும் கத்தி ஆபத்தான கூரிய பொருள் என்ற வகையில் வருவதால், அதைத் திரும்பப் பெற இயலாது’ என்று தெரிவித்திருக்கிறீர்கள். வீட்டில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன். ‘கூரிய’ வந்த இடத்தில் என் மனைவிக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது. அந்தக் கத்தியைப் பற்றி ஒருவர் சொன்ன முதல் நல்ல வார்த்தை அதுதான் ஐயா. வாங்கிய என்னால்கூடச் சொல்ல முடியவில்லை.

கிறிஸ்துமஸுக்கும் ஈஸ்டருக்கும் மட்டும் வெளியே வரப்போகிற கத்தி. அதற்கு ஐயாயிரம் கொடுத்து ஜெர்மன் சரக்கு வாங்க நான் எஸ்டேட் துரை இல்லை. கொஞ்சம் காப்பி, சில்வர் ஓக்கில் ஏற்றிவிட்ட மிளகு, அவ்வளவுதான் நம் ஜமீன். கொல்லரிடம் அடித்து வாங்கலாம்தான். ஆனால் இங்கே மாதக்கணக்கில் மூட்டம். பெட்டியில் போட்டு வைத்த இரும்புக் கத்தி மறு பண்டிகைக்குள் துருவேறிக் கிடக்கும். ஆகவே துருப்பிடிக்காத ஸ்டீலில், எட்டு அங்குலம், 499 ரூபாய் என்று தாங்கள் காட்டிய படத்தில் விழுந்தேன்.

கிறிஸ்துமஸுக்குச் சம்பந்தி வீட்டார் வந்திருந்தார்கள். பேக்கரி அடுப்பில் கொடுத்துச் சுட்டு வாங்கிய வான்கோழி மேசை நடுவில். ஆபத்தான கூரிய பொருளை நெஞ்சுப் பக்கம் வைத்து இழுத்தேன். தோல் அமுங்கியது, அறுபடவில்லை. அழுத்தினேன். அலகு ஒரு பக்கம் வளைந்தது, தட்டு மறுபக்கம் நகர்ந்தது, வான்கோழி சம்பந்தியின் வெள்ளை வேட்டியில் போய் உட்கார்ந்தது. அவர் ஒன்றும் சொல்லவில்லை. சம்பந்தி ஒன்றும் சொல்லாமல் இருப்பதன் பொருளைத் தங்கள் அலுவலகத்தில் கல்யாணமானவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளவும். கடைசியில் என் அம்மா அரிவாள்மனையைத் தரையில் போட்டு, காலை மடித்து உட்கார்ந்து, துண்டு போட்டுக் கொடுத்தார்.

பழுதைக் காட்டும் படம் அனுப்பச் சொன்னீர்கள். மொண்ணையைப் படம் எடுப்பது எப்படி? அலகை என் உள்ளங்கையில் அழுத்தி வைத்து எடுத்து அனுப்பினேன். ‘தங்கள் பாதுகாப்பே எங்கள் தலையாய நோக்கம், இத்தகைய செயல்களைத் தவிர்க்கவும்’ என்று நொடியில் பதில் வந்தது. அக்கறைக்கு நன்றி. கை நலமாக இருக்கிறது, புகாரே அதுதான்.

விவரக் குறிப்பில் ‘டமாஸ்கஸ் ஸ்டீல்’ என்று போட்டிருந்தீர்கள். அலகில் அலை அலையாக ஓடிய அந்த வரி, பாத்திரம் தேய்க்கும் நாரைக் கண்டதும் இடத்தைக் காலி செய்துவிட்டது. டமாஸ்கஸ் வாளுக்குப் பேர்போன உருக்கு தென்னிந்தியாவிலிருந்து போனது என்பார்கள். ஈரோட்டுப் பக்கம் கொடுமணலில் தோண்டியபோது உருக்கு காய்ச்சிய உலையே கிடைத்தது. சேலம் வட்டாரத்துக் கனிமத்தை நம்பித்தான் ஹீத் என்ற வெள்ளைக்காரர் 1830 வாக்கில் பரங்கிப்பேட்டையில் ஆலை வைத்தார். மலையை விட்டு இறங்கினால் கஞ்சமலை. அதன் அடிவாரத்தில் ஸ்டெயின்லெஸ் தகட்டுக்கென்றே அரசாங்கத்தின் சேலம் உருக்காலை. அந்த ஊர்க்காரனுக்குத் தகரத்தில் வரி போட்டு டமாஸ்கஸ் என்று விற்ற தங்கள் துணிச்சல்தான் உண்மையிலேயே ஆபத்தான கூரிய பொருள்.

பிரிட்ஜில் ஒட்டியிருந்த காந்தத்தை எடுத்து அலகில் வைத்துப் பார்த்தேன். ஒட்டாமல் விழுந்தது. டம்ளரும் சம்படமும் செய்கிற, 304 என்று சொல்கிறார்களே, அந்த ஜாதித் தகடாக இருக்க வேண்டும். துருப்பிடிக்காது, உண்மை. ஆனால் அதைக் காய்ச்சித் தோய்த்தாலும் இறுகாது. சாணை பிடித்தாலும் கூர் நிற்காது. கத்திக்குக் கரி சேர்ந்த 420 மாதிரி வேறு இனம் வேண்டும். அது காந்தத்தில் ஒட்டும். (ஒட்டியதெல்லாம் நல்ல கத்தி என்று எண்ணிவிடாதீர்கள், ஒட்டாததை வாங்க வேண்டாம், அவ்வளவே.)

ஒருவேளை கத்தியைத் திரும்ப வாங்காதது ஆயுதச் சட்டத்துக்குப் பயந்தோ? 2016-ஆம் ஆண்டு விதிகள் 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகைப் பற்றித்தான் கவலைப்படுகின்றன. அதிலும் வீட்டுக்கும் விவசாயத்துக்கும் செய்த கருவிகளுக்கு விலக்கு. வீட்டுக்கும் ஆகாத, விவசாயத்துக்கும் ஆகாத கருவி என்றால்தான் சிக்கல். அந்த வகையில் தங்கள் கத்தி மாட்டிக்கொள்ளும்தான்.

ஆனால் 2020 மின்வணிக விதிகள் தங்களுக்கும் தெரியும். பழுதான பொருளைத் திரும்ப வாங்க மாட்டேன் என்று விற்பவர் சொல்லக் கூடாது. புகாருக்கு 48 மணி நேரத்தில் ஒப்புகை, ஒரு மாதத்தில் தீர்வு. இதெல்லாம் தெரிந்தேதான் செய்கிறீர்கள். ஐநூறு ரூபாய்க்காக எவன் மலையிறங்கி வழக்குப் போடுவான் என்ற கணக்கு. ஒருத்தனிடம் ஐநூறு என்றால் ஏமாற்று. ஊர் முழுக்க ஐநூறு ஐநூறாக எடுத்தால் அதற்குப் பெயர் கொள்ளை. வெட்கமாக இல்லையா?

மன்னிக்கவும். ஆபத்தான கூரிய சொற்கள் வந்துவிட்டன. தங்களைப் போன்ற பெரியவர்களால் இவற்றைத் திரும்பப் பெற இயலாது என்பதை அறிவேன்.

மலையிறங்க வேண்டியதே இல்லையாம். நுகர்வோர் ஆணையத்தில் மனுவை இணையத்திலேயே போடலாம். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சத்துக்குள் இருந்தால் கட்டணமும் கிடையாது என்கிறான் பக்கத்து வீட்டுப் பையன். மனு தயாராக இருக்கிறது.

இதற்கிடையே சேலத்தில் ஒரு கொல்லரைப் பார்த்துப் பேசிவிட்டேன். பழைய லாரி ஸ்பிரிங் பட்டையில் எட்டு அங்குலம் அடித்துத் தருகிறார். துருவுக்கு என்ன செய்ய என்று கேட்டேன். “துடைச்சு, தேங்காண்ணெய் தடவி, துணியில சுத்தி வைங்கண்ணே. இதுக்குப் போயி கம்ப்யூட்டர்ல வாங்குனீங்களா?” என்றார். பிடிக்குக் கவாத்தில் வெட்டிப்போட்ட காப்பிக் கட்டையை நானே கொடுத்திருக்கிறேன். முன்பணம் முந்நூறு கேட்கிறார். தங்களிடமுள்ள 499-ஐ ஈஸ்டருக்கு முன் அனுப்பிவைத்தால் வசதியாக இருக்கும். தவறினால் மனு எண்ணை நானே அனுப்பிவைக்கிறேன். அதற்கு 48 மணி நேரத்தில் ஒப்புகை அனுப்பினால் போதும்.

இப்படிக்கு,
தங்கள் மதிப்புமிக்க வாடிக்கையாளர்,
ஏற்காடு