பெங்குவின் பெயர்ச்சிப் பலன்கள்: ஓர் ஆய்வு

பாயிரம்

சனி எந்த ராசிக்கு எப்போது போகிறார், போனால் எண்ணெய் வித்துக்களின் விலை என்னாகும் என்பது வரை தமிழில் எழுதி வைத்துவிட்டார்கள். ஒருவர் தம் வீட்டுக் கணினியை விண்டோஸிலிருந்து லினக்ஸுக்குப் பெயர்த்தால் அந்தக் குடும்பத்துக்கு என்ன பலன் என்று சொல்லத்தான் ஒரு நூல் இல்லை. லினக்ஸின் சின்னம் பெங்குவின் ஆகையால் இதைப் பெங்குவின் பெயர்ச்சி என்க.

இப்பெயர்ச்சியும் நாள் குறித்தே வந்தது. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடியும் என்று மைக்ரோசாஃப்ட் முன்கூட்டியே அறிவித்திருந்தது. விண்டோஸ் 11-க்குப் போகலாமென்றால் கணினியில் டிபிஎம் 2.0 என்றொரு பாதுகாப்பு ஏற்பாடு வேண்டும். 2012-ல் வாங்கிய பெட்டியில் அதற்கு எங்கே போவது? இப்படியாக, நல்லபடியாக ஓடிக்கொண்டிருந்த கணினிகள் ஒரே நாளில் கிழடு என்று தீர்மானிக்கப்பட்டன. தீர்மானம் கணினிக்குத் தெரியாது. மறுநாள் காலையும் அது வழக்கம் போல இரைந்துகொண்டே எழுந்தது.

நிதி நல்கை

இல்லை.

கருதுகோள்

பணம் மிச்சமாகும் என்றே மக்கள் லினக்ஸுக்கு மாறுகின்றனர் என்பாரும் உளர். நம் ஊருக்கு அது பொருந்தாது. என்னை? மிச்சமாக வேண்டுமென்றால் முதலில் செலவாகியிருக்க வேண்டும். ரிச்சி தெருவில் அசெம்பிள் செய்த கம்ப்யூட்டரின் பில்லை எடுத்துப் பார்க்க. மதர்போர்டுக்கு ஒரு வரி, ராமுக்கு ஒரு வரி, மவுஸ் பேடுக்குக்கூட ஒரு வரி. விண்டோஸுக்கு வரி இராது. அது கூடவே வந்தது. திரையின் வலது கீழ் மூலையில் "ஆக்டிவேட் விண்டோஸ்" என்று மங்கலாக ஓர் அறிவிப்பு நிற்கும். கேட்டால், "அது அப்படித்தான் இருக்கும்" என்பார்கள். ஓசியில் வந்ததை விட்டு ஓசியில் வருவதற்குப் போக, விலை ஒரு காரணமாகாது.

கொள்கைக்காக மாறுகின்றனர் என்பாரும் உளர். ரிச்சர்ட் ஸ்டால்மன் 1983-ல் க்னூ திட்டத்தை அறிவித்தபோது அடியில் இருந்தது பெரிய கொள்கைதான்: நாம் ஓட்டும் மென்பொருளின் மூல நிரலைப் படிக்கவும் திருத்தவும் பிறருக்குக் கொடுக்கவும் நமக்கு உரிமை வேண்டும். உரிமை கிடைத்துவிட்டது. கிடைத்த உரிமையைக் கொண்டு ஒரு வரி நிரலையாவது படித்த புதியவர் எவரையும் இவ்வாய்வாளர் இதுவரை கண்டதில்லை. வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு வருகிறவர்களே மிகுதி.

எம் துணிபு இது: மனிதர் இயங்குதளத்தைத் தேர்ந்தெடுப்பதில்லை, பொத்தானை அழுத்தினால் எது வருகிறதோ அதை உபயோகிக்கிறார்.

முதற்சான்று கைப்பேசி. "லினக்ஸா? அதெல்லாம் நமக்கு வராதுப்பா" என்று வாட்ஸ்அப்பில் தட்டி அனுப்புகிறவரின் ஆண்ட்ராய்டு போனுக்கு அடியில் ஓடுவது லினக்ஸ் கர்னல். உலகின் முதல் 500 சூப்பர் கம்ப்யூட்டர்களின் பட்டியலில் 2017 நவம்பரிலிருந்து ஐந்நூறும் லினக்ஸ். ஆக, வானிலை கணிப்போருக்கு வருகிறது, அணு இயற்பியலாருக்கு வருகிறது, பால் பாக்கெட் போடும் அண்ணன் கைப்பேசியிலும் வருகிறது. வராது என்பது மேசை மேலிருக்கும் அந்த ஒரு பெட்டியில் மட்டுமே.

இரண்டாம் சான்று நம் அரசே நடத்திய பெருஞ்சோதனை. 2011-ல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் மாணவருக்குக் கொடுத்த கணினிகளில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது. பாஸ், சென்னை சி-டாக் உருவாக்கியது. இப்படி இரண்டு உள்ள கணினியில் பொத்தானை அழுத்தியதும் ஒரு பட்டியல் வரும். அம்புக்குறியை அழுத்தினால் வேறொன்றுக்குப் போகலாம். சில நொடி பேசாமல் இருந்தால் முன்பே குறித்து வைத்தது தானாகத் தொடங்கிவிடும். சும்மா இருப்பது எவ்வளவு கடினம் என்று ஞானியர் பாடிப் பாடி ஓய்ந்தார்கள். பிளஸ் டூ மாணவருக்கோ அது பத்து நொடியில் கைகூடியது.

வரலாறு, சுருக்கமாக

1991 ஆகஸ்ட் 25 அன்று, ஹெல்சிங்கி பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் என்னும் இருபத்தொரு வயதுப் பிள்ளை, பொழுதுபோக்காக ஓர் இயங்குதளம் எழுதிக்கொண்டிருப்பதாக அறிவித்தார். பெரிதாக ஒன்றும் ஆகாது என்றும் சொல்லிவைத்தார். அவர் வைக்க நினைத்த பெயர் ஃபிரீயக்ஸ். கோப்புகளைப் போட்டு வைக்க வழங்கியில் இடம் ஒதுக்கிக் கொடுத்த நண்பர் அந்த இடத்துக்கு லினக்ஸ் என்று பெயரிட்டுவிட்டார், அதுவே நிலைத்தது. படைத்தவரே தாமாக வந்ததை ஏற்றுக்கொண்டார் என்பதை எம் கருதுகோளுக்குச் சாதகமாகக் குறித்துக்கொள்கிறோம்.

பின் வந்தவை குலமுறை கிளத்தும் படலம். 1993-ல் டெபியன்; அதன் வழியில் 2004-ல் உபுண்டு; அதன் வழியில் 2006-ல் லினக்ஸ் மிண்ட். உபுண்டுக்காரர்கள் தொடக்கத்தில் கேட்டவர் வீட்டுக்கெல்லாம் தபாலில் சிடி அனுப்பினார்கள், தபால் செலவும் அவர்களுடையதே. 2011 வரை இந்த தர்மம் நடந்தது. பாட்டன், மகன், பேரன் மூவரும் உயிரோடு இருக்க, புதியவர் யார் வீட்டுக்குப் போவது என்று கேட்பார். விண்டோஸோடு பழகியவர் பேரன் வீட்டுக்குப் போகலாம். ஸ்டார்ட் பொத்தான் இருக்கும் மூலையில் ஒரு பொத்தானை வைத்திருக்கிறான்.

திணை வகுத்தல்

புதியவரின் நிலைகளை ஐந்திணையாகப் பகுக்க வேண்டும் என்று நண்பரொருவர் வற்புறுத்தினார். முயன்றோம். விண்டோஸை விட்டு நீங்குதல் பாலை. நள்ளிரவில் பென் டிரைவோடு கூடுதல் குறிஞ்சி. வைஃபை வராதபோது நெய்தல். வீட்டார் முகம் கொடுத்துப் பேசாதது மருதம். முல்லைக்கு உரிய இருத்தல் மட்டும் எவரிடமும் இல்லை: உபுண்டு ஏற்றியவர் அடுத்த மாதம் மிண்ட்டுக்குப் போகிறார், அங்கிருந்து ஃபெடோராவுக்குப் போகிறார். மியூனிக் மாநகராட்சி 2003-ல் லினக்ஸுக்கு மாறத் தீர்மானித்து, பத்தாண்டு உழைத்துச் சுமார் 15,000 கணினிகளைப் பெயர்த்து, 2017-ல் மறுபடி விண்டோஸுக்கே திரும்புவதாக முடிவெடுத்தது. இருத்தலுக்குச் சான்று கிடைத்த ஒரே இடம் சேர நாடு: கேரள அரசுப் பள்ளிகள் கட்டற்ற மென்பொருளுக்கு மாறி அங்கேயே இருந்துவிட்டன. ஒரு திணைக்காக எல்லை தாண்ட வேண்டியிருந்ததால் பகுப்பைக் கைவிட்டோம்.

களப்பணி

பென் டிரைவில் லினக்ஸை எழுதியாயிற்று. இனி கணினி அதிலிருந்து தொடங்க வேண்டும். அதற்கொரு விசை உண்டு. கம்பெனிக்குக் கம்பெனி மாறும். எஃப்12 என்பார் ஒருசாரார், எஃப்9 என்பார் ஒருசாரார், எஸ்கேப் என்பாரும் உளர். கம்பெனியின் சின்னம் திரையில் தோன்றி மறைவதற்குள் தட்டியாக வேண்டும். எது என்று தெரியாதவர் மேல்வரிசை முழுவதையும் இரண்டு கையாலும் தட்டுவார். சின்னம் மறைந்து, பழைய விண்டோஸே மெல்ல எழுந்து வந்து "வெல்கம்" சொல்லும்.

விசை அகப்பட்டுவிட்டால் ஒரு பேருதவி காத்திருக்கிறது. வட்டில் எதையும் தொடாமல், பென் டிரைவிலிருந்தே லினக்ஸை ஓட்டிப் பார்க்கலாம். சத்தம் வருகிறதா, வைஃபை பிடிக்கிறதா, தமிழ் ஒழுங்காகத் தெரிகிறதா என்று சாவகாசமாகப் பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம். புதியவர் இதைச் செய்வதில்லை. நேரே நிறுவலுக்குப் போய்விடுவார்.

நிறுவும்போது ஒரு கேள்வி வரும்: வட்டை முழுவதும் அழிக்கவா, விண்டோஸுக்குப் பக்கத்திலேயே இடம் பிடிக்கவா? இங்கே நம் மரபின் ஒரு தத்துவத்தை விளக்க வேண்டியிருக்கிறது. கணினி படுத்தபோதெல்லாம் வீட்டுக்கு வந்த சர்வீஸ் தம்பி, "முக்கியமானதை டி டிரைவ்ல போட்டுடுங்க சார், ஃபார்மட் அடிச்சா சி மட்டும்தான் போவும்" என்று உபதேசித்துப் போனார். சி அநித்தியம், டி நித்தியம். அந்த நம்பிக்கையில்தான் கல்யாண ஆல்பமும், காதுகுத்து வீடியோவும், பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டும், உள்ளே என்ன இருக்கிறதென்று எவருக்கும் தெரியாத "நியூ ஃபோல்டர் (3)"-உம் டியில் தங்கியிருக்கின்றன. நிறுவியோ டிரைவைக் கேட்கவில்லை, வட்டைக் கேட்கிறது. சியும் டியும் ஒரே வட்டின் கூறுகளாக இருந்தால், முழுவதும் அழி என்றதும் நித்தியமும் சேர்ந்தே போகும். ஆகவே முதலில் எல்லாவற்றையும் வெளி வட்டில் படி எடுத்துக்கொள்க. இவ்வாய்வில் உருப்படியான அறிவுரை என்றால் இது ஒன்றுதான்.

நிறுவி முடித்தவர் டி டிரைவ் எங்கே என்று தேடுவார். லினக்ஸ் அத்துவைதி. அங்கே சியும் இல்லை, டியும் இல்லை. எல்லாம் ஒரு சாய்கோட்டுக்குள் அடக்கம், செருகிய பென் டிரைவ் உட்பட.

அடுத்து கை. நம் ஊரில் கம்ப்யூட்டர் சென்டரில் பயின்ற எந்தக் கையும், திரை வந்ததும் வெற்றிடத்தில் வலச் சொடுக்கு சொடுக்கி "ரிஃப்ரெஷ்" கொடுக்கும். ஒரு தடவை இல்லை, நாலைந்து தடவை. அதனால் கணினி வேகம் பெறும் என்று யார் சொன்னார்களோ தெரியாது, எல்லோரும் செய்கிறோம். உபுண்டுவில் வலச் சொடுக்கினால் வரும் பட்டியலில் ரிஃப்ரெஷ் இல்லை. கை அந்தரத்தில் நிற்கும். அடுத்த வேலையைத் தொடங்கலாமா கூடாதா என்று அதற்குத் தெரிவதில்லை. பெயர்ச்சியின் மெய்யான துயரம் இதுவென்பதே எம் கருத்து; கறுப்புத் திரையில் கட்டளை தட்டுவதைப் பற்றி ஊரார் சொல்வதெல்லாம் மிகை.

அக்கறுப்புத் திரையைப் பற்றியும் இரண்டு வார்த்தை. "சுடோ" என்று தொடங்கும் கட்டளைக்குக் கடவுச்சொல் கேட்கும். தட்டினால் பல இடங்களில் திரையில் ஒரு புள்ளிகூட விழாது. கீபோர்டு போய்விட்டது என்று எண்ண வேண்டா; எழுத்தின் எண்ணிக்கைகூடப் பிறருக்குத் தெரியலாகாது என்னும் பழைய ஏற்பாடு அது. மிண்ட் மனமிரங்கி நட்சத்திரக்குறி காட்டுகிறது. நிர்வாகி அல்லாதவர் சுடோ போட்டால், இச்சம்பவம் மேலிடத்துக்குத் தெரிவிக்கப்படும் என்று பல பதிப்புகளில் ஓர் எச்சரிக்கை வரும். ஓய்வு பெற்ற அரசு ஊழியர் ஒருவர் இதைப் படித்துவிட்டு வெகுநேரம் திரையையே பார்த்தார். பிறகு, "ரிப்போர்ட் யாருக்குப்பா போகும்? விளக்கம் கேட்பாங்களா?" என்றார். அது அதே கணினியின் பதிவேட்டுக்குப் போகிறது. மேலிடம் அவர் மகன்.

தகவலாளர் வாக்குமூலம்

தகவலாளர் ஓர் அம்மா. வயது கேட்டோம், "அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?" என்றார். மகன் ராத்திரியோடு ராத்திரியாக மிண்ட் ஏற்றிவிட்டு வாய் திறக்காமல் இருந்தான். காலையில் அவர் பொத்தானை அழுத்தினார், ஃபயர்ஃபாக்ஸைத் திறந்தார், யூடியூபில் வத்தக்குழம்பு பார்த்தார், கரண்ட் பில் கட்டினார். ஏதோ மாறியிருக்கிறது என்று அவர் உணர்ந்ததற்கு எந்தச் சான்றும் இல்லை. மத்தியானம் சாப்பிட்ட பிறகுதான் குரல் வந்தது.

"டேய், சீட்டுக்கட்டு எங்கடா போச்சு?"

விண்டோஸில் 1990 முதல் வந்த சாலிட்டேர். மகன் ஓடிப்போய் ஐல்ரியட் என்னும் தொகுப்பை இறக்கிக் கொடுத்தான்.

"இதுல எம்பது ஆட்டத்துக்கு மேல இருக்கும்மா. எது வேணுமோ எடுத்துக்கோ."

"எம்பதை வச்சுக்கிட்டு நான் என்னடா பண்றது? நம்ம பழைய ஆட்டத்தைப் போட்டுக் குடு."

க்ளாண்டைக் என்ற பெயரில் பழைய ஆட்டமும் உள்ளே இருந்தது. திறந்ததும் அதுவே வரும்படி அமைத்துக் கொடுத்தான். அம்மா தரப்பில் பெயர்ச்சி அன்றே நிறைவுற்றது. ஆகவே "புதியவர்" என்னும் சொல்லால் அம்மாவைக் குறிப்பது வழு. அவருக்கு ஒன்றும் புதிதில்லை. புதியவர் என்பார், பொத்தானுக்கும் வருவதற்கும் நடுவே கைவைத்தவர்; வீட்டில் "கம்ப்யூட்டர் தெரிஞ்சவன்" என்று பெயரெடுத்த அந்த ஒருவர். இனிமேல் எது நின்றாலும், இன்டர்நெட் கம்பெனிக்காரர் கேபிளை அறுத்துக்கொண்டு போனாலும், பழி அவர் மேல் விழும். சர்வீஸ் தம்பியையும் கூப்பிட முடியாது, வந்து திரையைப் பார்த்துவிட்டு, "இது என்ன சார், விண்டோஸ் போட்டுரட்டுமா?" என்பார்.

புறநடை

எல்லா வீட்டுக்கும் இப்பெயர்ச்சி ஆகாது. டேலியில் கணக்கு எழுதுகிறவர் வீட்டுக்கு ஆகாது. அது விண்டோஸுக்கென்றே எழுதப்பட்டது. பாமினி, வானவில் எழுத்துருக்களில் வருடக்கணக்காக அடித்து வைத்த தமிழ்க் கோப்புகள், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகத் தெரியும். யூனிகோடுக்கு மாற்றிக்கொண்டால் எங்கும் தொல்லையில்லை. தமிழ்99 தட்டுகிறவர்க்குக் குறையொன்றும் இல்லை, விசைப்பலகைப் பட்டியலில் ஏற்கெனவே இருக்கிறது.

எஞ்சி நிற்பது அச்சுப்பொறி. 1980 வாக்கில் எம்ஐடியின் செயற்கை நுண்ணறிவு ஆய்வகத்துக்கு ஜெராக்ஸ் நிறுவனத்தின் லேசர் அச்சுப்பொறி ஒன்று வந்தது. காகிதம் சிக்கிக்கொண்டே இருந்தது. சிக்கினால் அச்சிடக் கொடுத்தவருக்குத் தகவல் போகும்படி நிரலைத் திருத்தலாம் என்று நினைத்த ஸ்டால்மனுக்கு மூல நிரலைத் தர மறுத்துவிட்டார்கள். அந்தக் கோபத்துக்குக் கட்டற்ற மென்பொருள் இயக்கத்தின் பிறப்பில் பங்குண்டு என்று அவரே சொல்லியிருக்கிறார். நாற்பதாண்டுக்கு மேலாகிவிட்டது. செவ்வாய்க்குப் போன ஹெலிகாப்டர் லினக்ஸில் பறந்துவிட்டது. வைஃபையோடு வரும் புதிய அச்சுப்பொறிகளையும் லினக்ஸ் பெரும்பாலும் தானே கண்டுகொள்கிறது. ஆடிட்டர் ஆபீஸ் தொடங்கி அடகுக்கடை வரை நம் ஊரில் உட்கார்ந்திருக்கும் பழைய மலிவு லேசர் அச்சுப்பொறிகளில் சில மட்டும், கம்பெனி கொடுக்கும் தனி டிரைவர் இல்லாமல் அசைய மாட்டேன் என்கின்றன. இதற்குத் தீர்வு காண்பது ஒரு முனைவர் பட்டத்துக்கு உரிய தலைப்பு. இக்கட்டுரையின் எல்லைக்கு அப்பாற்பட்டது. ஞாயிற்றுக்கிழமை ராத்திரி பிள்ளையின் புராஜெக்டுக்குப் பிரிண்ட் வேண்டுவோர் பிடிஎஃப் ஆக்கிப் பென் டிரைவில் எடுத்துக்கொள்க. தெருமுனை ஜெராக்ஸ் கடை ஒன்பது மணி வரை திறந்திருக்கும். கலர் என்றால் பக்கத்துக்குப் பத்து ரூபாய்.