மரம் காத்த மகராசர்கள்

ஊருக்குப் போய்த் திரும்பி மூன்று நாள் ஆயிற்று. தபாலில் ஓர் உறை. அனுப்பியது விமான நிறுவனம். உள்ளே வழவழப்பான கெட்டித் தாள். என் முன்பதிவு உறுதியாகிவிட்டதாம். சந்தோஷம். நான் போய்த் திரும்பியே வந்துவிட்டேன்.

போனில் பதிவு செய்தபோது மின்னஞ்சல் முகவரி தரவில்லையாம். அதனால் தபாலாம். நியாயம்தான். ஆனால் காகிதத்தைக் கருமாதி செய்து புதைத்துவிட்டதாக இவர்கள்தானே சொன்னார்கள்?

2008 ஜூன் 1 முதல் காகித டிக்கெட் இல்லை என்றது ஐயாட்டா, உலக விமான நிறுவனங்களின் சங்கம். காகித டிக்கெட்டுக்கு 10 டாலர் செலவு, இ-டிக்கெட்டுக்கு 1 டாலர். ஆண்டுக்கு 300 கோடி டாலர் மிச்சம். கூடவே 50,000 மரங்கள் பிழைக்குமாம். மரத்துக்குக் கணக்குச் சொன்னார்கள். அந்த 9 டாலர் யார் பைக்குப் போகிறது என்று சொல்லவில்லை. நம் பைக்கு வரவில்லை. அது நமக்கே தெரியும்.

காகிதம் ஒழியவில்லை. கை மாறியது. அவர்கள் அச்சடித்ததை நாம் தெருமுனை ஜெராக்ஸ் கடையில் காசு கொடுத்து அச்சடித்தோம். துப்பாக்கியோடு விமான நிலைய வாசலில் நின்றவரிடம் பயபக்தியோடு நீட்டினோம். கைப்பைக்கு ஓர் அட்டை, அட்டைக்கு ஒரு முத்திரை. அந்த முத்திரையை விடவே 2017 ஏப்ரல் ஆயிற்று. அதுவும் முதலில் ஏழே விமான நிலையங்களில். சென்னை அதில் இல்லை.

அப்புறம் விமான நிறுவனங்கள் கல்லாவைத் திறந்தன. கவுன்டரில் போர்டிங் பாஸ் கேட்டால் 200 ரூபாய். ஏற்றிக்கொண்டு போகக் காசு வாங்கியாயிற்று. ஏறலாம் என்று எழுதித் தரத் தனிக் காசு! 1937ஆம் ஆண்டு விமான விதிகளில் இதற்கு இடமில்லை என்று மத்திய அமைச்சகம் 2022 ஜூலையில் கண்டுபிடித்தது. அதுவரை கொடுத்த பணம்? எனக்குத் திரும்பி வரவில்லை. உங்களுக்கு வந்ததா? இணையத்தில் நாமே தட்டி, நாமே கட்டினாலும் 'வசதிக் கட்டணம்' பிடிக்கிற கூட்டம் இது. யார் வசதிக்கு?

வெள்ளைக்காரன் ஊரில் இன்னும் அநியாயம். 2023இல் லண்டன் ஸ்டான்ஸ்டெட் விமான நிலையத்தில் ஒரு வயதான தம்பதி. போகிற பாஸுக்குப் பதில் திரும்பி வருகிற பாஸை எடுத்துவிட்டார்கள். ரயன்ஏர் விமான நிறுவனம் தீட்டியது 110 பவுண்டு. இரண்டு துண்டுச் சீட்டுக்கு! 2025 நவம்பரில் அதே நிறுவனம் காகித பாஸையே நிறுத்தியது. சொன்ன காரணங்களில் சுற்றுச்சூழலும் ஒன்று.

நம் அலுவலகங்களுக்கு அந்தக் கவலையெல்லாம் கிடையாது. பயணப்படி வேண்டுமா? அசல் போர்டிங் பாஸைக் கொண்டா. அதுவோ வெயில் பட்டால் வெளுக்கிற தெர்மல் தாள். பில் பாஸாவதற்குள் எழுத்து பரலோகம் போய்விடும். வெற்றுத் துண்டை நீட்டினேன். தணிக்கைக்காரர் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

தபாலில் வந்த கெட்டித் தாளை எடுத்து வைத்தேன். ஓர் எழுத்து மங்கவில்லை. பெயர், தேதி, விமான எண், எல்லாம் பளிச்.

"இது செல்லாது சார்" என்றார். "நீங்க புக் பண்ணினதுக்குத்தானே இது ஆதாரம்? போனதுக்கு?"