காற்றில் வைத்த பக்கோடா: முதல், கரு, உரி நோக்கில் ஓர் ஆய்வு

வெங்காயப் பக்கோடா எத்திணைக்கு உரியது என்ற கேள்வியை உரையாசிரியர்கள் யாரும் எழுப்பவில்லை. இளம்பூரணர் தொட்டு நச்சினார்க்கினியர் வரை எல்லோரும் இந்த விஷயத்தில் வாய் திறக்காமல் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அவர்கள் வீட்டில் ஏர் பிரையர் இல்லாததே காரணம் என்று கொள்ள இடமுண்டு. என் வீட்டில் இருக்கிறது. ஆகவே கடமை என் தலையில் விழுந்தது.

அது வந்த வரலாறு சிறியது. என் ரத்தப் பரிசோதனைச் சீட்டில் ஓர் எண்ணுக்குப் பக்கத்தில் நட்சத்திரக் குறி போட்டிருந்தார்கள். அதைப் பார்த்த அன்றே மனைவி எண்ணெய்ச் சட்டியைப் பரண்மேல் ஏற்றினாள். மறு வாரம் மைத்துனன் ஓர் அட்டைப்பெட்டியோடு வந்து இறங்கினான். “எண்ணெயே வேணாம் மாமா. வெறும் காத்துலயே பொரியும்.” அம்மா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பெட்டியைச் சுற்றி வந்து பார்த்தாள். “காத்துல காயத்தான்டா செய்யும், துணி மாதிரி” என்றாள். இந்த ஒரு வரியை இக்கட்டுரையின் எதிர்க்கருதுகோளாகக் கொள்க.

பெயராய்வை முதலில் முடித்துவிடலாம். ‘ஏர்’ என்பதற்குத் தமிழில் கலப்பை என்றும் அழகு என்றும் பொருள். இரண்டும் இந்தக் கறுப்புப் பெட்டிக்குப் பொருந்தவில்லை.

ஆய்வு ஐப்பசியில் மூன்று மாலைகளில், ஏழு ஈடுகளில் நடந்தது. ஈடு என்பது ஒரு தடவையில் வேகும் அளவு. திருவாய்மொழிக்கு எழுந்த முப்பத்தாறாயிரப்படி ஈடு வேறு; என் ஈட்டில் பதினான்கு பக்கோடா.

உரிப்பொருள்

இலக்கண முறைப்படி முதற்பொருளில் தொடங்க வேண்டும். அடுப்படி முறைப்படி உரித்தால்தான் மற்றதெல்லாம். எனவே உரிப்பொருள் முந்துகிறது. உரிப்பொருளாவது உரிக்கப்படும் பொருள், அதாவது வெங்காயம்.

சின்ன வெங்காயத்தை முதலிலேயே விலக்கிவிட்டேன். பெரம்பலூர்க்காரர்கள் மன்னிக்க வேண்டும். கால் கிலோ சின்ன வெங்காயம் உரித்து முடிப்பதற்குள் மாலை போய் யாமம் வந்துவிடும், திணையே மாறிவிடும். ஆய்வுக்கு எடுத்தது பெரிய வெங்காயம். எங்கள் மதுரைப் பக்கம் பல்லாரி என்போம். கர்நாடகத்துப் பெல்லாரியிலிருந்து வந்ததால் அந்தப் பெயர். இப்போது கடைக்காரரைக் கேட்டால் நாசிக் சரக்கு என்கிறார், பெயர் மட்டும் பல்லாரியாகவே நிற்கிறது. இதன் அரசியல் வலிமையையும் குறைத்து மதிப்பிடக் கூடாது. 1998இல் டெல்லிச் சட்டமன்றத் தேர்தலில் ஆட்சி மாறியதற்கு வெங்காய விலையும் ஒரு காரணம் என்பார்கள்.

நறுக்கினால் கண்ணீர் வருவது ஏன் என்பதில் அறிவியலே நெடுநாள் ஏமாந்திருந்தது. வெங்காயத்தின் திசு அறுபடும்போது ஒரு நொதியும் கந்தகச் சேர்மமும் கலந்து, தானாகவே கண்ணை எரிக்கும் வாயு உண்டாகிறது என்று நினைத்திருந்தார்கள். அதற்கென்றே தனியாக இன்னொரு நொதி உள்ளே உட்கார்ந்திருக்கிறது என்று ஜப்பானில் ஹவுஸ் புட்ஸ் நிறுவன ஆய்வாளர்கள் கண்டுபிடித்து 2002இல் ‘நேச்சர்’ இதழில் எழுதினார்கள். அதற்காக 2013இல் அவர்களுக்கு இக் நோபல் பரிசு கிடைத்தது. முதலில் சிரிக்கவும் பிறகு சிந்திக்கவும் வைக்கும் ஆய்வுகளுக்குத் தரும் பரிசு அது; இவர்கள் அழ வைத்தும் வாங்கிவிட்டார்கள். அதே 2002இல்தான் பொன்னிறமாக வறுத்த மாவுப் பண்டங்களில் அக்ரிலமைடு இருப்பதைச் சுவீடன் நாட்டினர் உலகுக்குச் சொன்னார்கள். ஆக, பக்கோடாவுக்கு முன்னால் அழுவதற்கும் பின்னால் கவலைப்படுவதற்கும் ஒரே ஆண்டில் ஆதாரம் கிடைத்துவிட்டது.

ஒன்றுமில்லாத சங்கதிக்குப் பெரியார் வைத்த பெயர் வெங்காயம். உரிக்க உரிக்க உள்ளே எதுவும் இராது என்பது பொருள். நூறு கிராம் வெங்காயத்தில் ஏறக்குறைய 89 கிராம் தண்ணீர். ஆகவே பெரியார் சொன்னது 89 விழுக்காடு சரி. மீதி 11 விழுக்காட்டை வைத்துத்தான் தமிழ்நாட்டில் அத்தனை டீக்கடைகளும் மாலையில் பிழைக்கின்றன.

முதற்பொருள்

முதற்பொருளாவது நிலமும் பொழுதும். பக்கோடாவுக்குரிய பெரும்பொழுது கார்காலம், சிறுபொழுது மாலை. இதை மறுப்பவர் மழை பெய்யும் சாயங்காலத்தில் டீக்கடை வாசலில் நின்று பார்த்ததில்லை. காரும் மாலையும் எந்தத் திணைக்குரியவை? முல்லைக்கு. முல்லையின் ஒழுக்கம் என்ன? இருத்தல், காத்திருத்தல். சட்டிக்குப் பக்கத்தில் தட்டோடு நிற்கும் பிள்ளைகளை நினைத்துக்கொண்டால் போதும். எனவே பக்கோடா முல்லைத்திணைப் பண்டம் என்று இங்கே நிறுவப்படுகிறது.

இப்போது பெட்டிக்குள் எட்டிப் பாருங்கள். மேலே பழுக்கக் காயும் கம்பிச்சுருள், அதற்கு மேலே விசிறி. 180 டிகிரியில் ஈரமே இல்லாத காற்று சுழன்று அடிக்கிறது. மரமில்லை, நிழலில்லை, நீரில்லை. அசல் பாலை. முல்லையும் குறிஞ்சியும் இயல்பு திரிந்தால் பாலையாகும் என்பது சிலப்பதிகாரத்தின் கொள்கை. முல்லைப் பண்டத்தைப் பாலையில் வைத்தால் திணைமயக்கம். என் முதல் ஈடு தோற்றதற்கு அடிப்படைக் காரணம் இதுதான் என்று இன்றும் நம்புகிறேன். மனைவி வேறு காரணம் சொல்கிறாள். அதற்குப் பிறகு வருகிறேன்.

இந்தப் பாலையின் வரலாறு பழையதன்று. 2010இல் பெர்லின் மின்னணுக் கண்காட்சியில் பிலிப்ஸ் நிறுவனம் இதை உலகுக்குக் காட்டியது. (என் வீட்டுப் பெட்டி வேறு கம்பெனி.) கண்டுபிடித்தவர் பிரெட் வான் டெர் வெய் என்ற நெதர்லாந்துக்காரர். அங்கே பண்டம் என்றால் உருளைக்கிழங்கு. உறைய வைத்துப் பொட்டலமாக வரும் உருளைக்கிழங்குத் துண்டுகள் ஆலையிலேயே ஒருமுறை எண்ணெயில் குளித்துவிட்டு வருபவை. வீட்டில் காற்றில் மொறுமொறுப்பதில் அவற்றுக்கு என்ன கஷ்டம்? நம் வெங்காயம் பச்சையாக, 89 விழுக்காடு தண்ணீரோடு உள்ளே போகிறது.

கருப்பொருள்

கடலைமாவு, அரிசிமாவு, இஞ்சி, பச்சைமிளகாய், தட்டிய பூண்டு, சோம்பு, கறிவேப்பிலை, உப்பு. இவை பக்கோடாவின் கருப்பொருள்கள். முதல் நாள் எனக்குக் கிடைத்த கருப்பொருள் வேறு, கருப்பாகவே இருந்தது.

நடந்ததை மறைக்காமல் பதிவு செய்கிறேன். பஜ்ஜியில் தொடங்குவோம் என்று ஆசைப்பட்டு, வட்டமாக அரிந்த வெங்காயத்தை மாவில் முக்கிக் கூடையில் அடுக்கினேன். எண்ணெயாக இருந்தால் மாவு விழுந்த நொடியில் நாலாப் பக்கமும் சூடு பிடித்து அதைக் கட்டிவிடும். காற்றுக்கு அந்தக் கைவேகம் இல்லை. மாவு நிதானமாக வழிந்து, கூடையின் ஓட்டைகள் வழியே இறங்கி, அடித்தட்டில் ஒரு தோசையாக வெந்தது. மேலே நிர்வாணமான வெங்காயம். அதை ஈடுகளின் கணக்கில் சேர்க்கவில்லை. அம்மா எட்டிப் பார்த்து, “தோசை நல்லா வந்திருக்கு” என்றாள்.

இங்கே கொஞ்சம் பௌதிகம் தேவைப்படுகிறது. ஒரு லிட்டர் சூடான எண்ணெய் ஒரு டிகிரி இறங்கும்போது தரும் வெப்பத்தை ஒரு லிட்டர் சூடான காற்று தர வேண்டுமானால் ஆயிரம் டிகிரிக்கு மேல் இறங்க வேண்டும். அதனிடம் ஏது அவ்வளவு? எண்ணெய் மொத்தமாக எண்ணி வைக்கும் பணக்காரன். காற்று தினத்தண்டல்காரன், விசிறி அவனை ஓட ஓட விரட்டி வசூல் செய்கிறது. கால் கிலோ வெங்காயத்தில் சுமார் 220 கிராம் தண்ணீர். அதில் பாதியை ஆவியாக்கத் தேவையான வெப்பத்தைக் கணக்குப் போட்டால், என் 1400 வாட் பெட்டிக்கு நாலு நிமிட வேலைகூட இல்லை. ஆனால் பிடித்தது பதினைந்து நிமிடம். மீதிப் பதினொன்றும் தண்டல் வசூலில் போனது.

மேற்பரப்பில் ஈரம் இருக்கும்வரை பண்டத்தின் சூடு 100 டிகிரியைத் தாண்டாது. பொன்னிறமும் வாசனையும் வருவதற்கு 140 டிகிரி அளவில் நடக்கும் வினை வேண்டும்; 1912இல் அதை எழுதிய பிரெஞ்சுக்காரர் மயாரின் பெயரால் வழங்குவது. ஆக மொறுமொறுப்பு எண்ணெயின் குணம் அன்று, தண்ணீர் போனதன் தடயம். இந்த ஒன்றைப் புரிந்துகொள்ள எனக்கு மூன்று ஈடு ஆயிற்று. மனைவிக்கு ஒரு நிமிடமும் ஆகவில்லை. “மாவுல தண்ணி ஊத்தினீங்களா?” என்று கேட்டாள். திணைமயக்கத்துக்கு எதிராக அவள் வைத்த காரணம் அவ்வளவுதான்.

முதல் ஈட்டை இலக்கணப்படி மதிப்பிட்டால், மேல்பக்கம் மொறுவென்று இருந்தது, கீழ்ப்பக்கம் களி. மொறுமொறு என்பது இரட்டைக்கிளவி. பிரித்தால் பொருள் தராது. ஒற்றை மொறுவுக்குத் தமிழில் பொருளில்லை என்பதை என் பல்லாலேயே உணர்ந்தேன். கறிவேப்பிலையின் கதி தனி. லேசான இலை, பலமான விசிறி. பறந்து போய்க் கம்பிச்சுருளில் ஒட்டிக்கொண்டு கருகியது. வீடு முழுக்கத் தாளிப்பு வாசனை. தாளித்தது எதுவும் இல்லை.

திருந்திய பாடம் வருமாறு. கால் கிலோ வெங்காயத்தை நீளவாக்கில் மெலிதாக அரிந்து, உப்புப் போட்டுப் பிசிறி, இதழ் இதழாக உதிர்த்துக் கால்மணி நேரம் வைக்க வேண்டும். உப்பு உள்ளே இருக்கும் நீரை வெளியே இழுத்துவிடும். அந்த நீரே மாவுக்குப் போதும். வெளித்தண்ணீர் ஒரு சொட்டு ஆகாது. கடலைமாவு 100 கிராம், அரிசிமாவு 30 கிராம். மற்றவற்றோடு கறிவேப்பிலையைக் கிள்ளிப் போட்டு மாவுக்குள் அழுத்திவிட வேண்டும், தப்பி ஓட முடியாதபடி. பிறகு ஒன்றரை மேஜைக்கரண்டி கடலை எண்ணெயைக் காயவைத்து மாவில் ஊற்றிப் பிசைய வேண்டும். “எண்ணெயே வேணாம்” என்ற மைத்துனன் அப்போது பக்கத்தில்தான் நின்றான். ஒன்றும் சொல்லவில்லை. பெட்டியை முன்பே 180 டிகிரிக்குச் சூடேற்றி, கூடையில் ஒன்றோடொன்று ஒட்டாமல் உதிரியாகக் கிள்ளி வைத்து, ஒன்பதாம் நிமிடம் திருப்பி, பதினைந்தில் எடுக்க வேண்டும். குவித்து வைத்தால் காற்று நுழையாது, பக்கோடா அவியும்.

வினைச்சொல் பற்றிய தகராறு

இனி இக்கட்டுரையின் மையத்துக்கு வருகிறேன். பெட்டியில் நடப்பதற்கு என்ன வினைச்சொல்? பொரித்தல் என்கிறான் மைத்துனன். (பல ஓட்டல் பலகைகளில் ‘பொறித்த கோழி’ என்று இருக்கிறது. கல்வெட்டில் பொறிக்கலாம், கோழியை எப்படிப் பொறிப்பது என்று நானும் கேட்டுக்கொண்டே சாப்பிட்டு வந்திருக்கிறேன்.) ஆனால் தமிழன் எதையும் கண்டபடி பொரிப்பதில்லை. அப்பளம் பொரிப்பான். வடை சுடுவான். முறுக்குப் பிழிவான். பஜ்ஜியும் பக்கோடாவும் போடுவான். “பக்கோடா போட்டிருக்கு, வா” என்றுதான் அழைப்பு.

போடுதல் என்பதில் ஆள் உண்டு. போடுகிறவர் நிற்க வேண்டும், முகத்தில் அனல் அடிக்க வேண்டும், கையை வாங்கத் தெரிய வேண்டும். சட்டியில் எழும் குமிழியெல்லாம் வெங்காயத்து நீர் ஆவியாகிக் கிளம்புவது. அந்தச் சலசலப்பு அடங்கும் தருணம்தான் எடுக்கும் தருணம். அம்மா அடுப்புக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டே, “எடு, சத்தம் அடங்கிருச்சு” என்பாள். கண் மங்கிய பிறகும் அவள் கை தவறியதில்லை.

ஏர் பிரையரில் யாரும் போடுவதில்லை, வைக்கிறார்கள். வைத்தவர் போய்விடலாம். நான் போய்ச் செய்தி பார்த்தேன். பெட்டி சீரியல் ஓடும் சத்தத்துக்குக் குறையாமல் உறுமிவிட்டு, கடைசியில் ‘டிங்’ என்றது. உள்ளே எந்த நிமிடத்தில் நீர் போயிற்று, எப்போது நிறம் வந்தது என்று யாருக்கும் தெரியாது. பாட்டி வடை சுட்ட கதையில் பாட்டியிடம் இந்தப் பெட்டி இருந்திருந்தால் காகத்துக்குத் திருட வழியில்லை, நரிக்குக் கதையே இல்லை. இன்னொன்றும் உண்டு. சட்டியில் அடுத்தடுத்து ஈடு விழும். வீடே சேர்ந்து உட்கார்ந்து தின்னும். இங்கே பதினான்கு தீர்ந்த பிறகு அடுத்த பதினான்குக்குப் பதினைந்து நிமிடம். ஐந்து பேர் உள்ள வீட்டில் ஆளுக்கு மூன்றுகூட வராது. நடுவில் எல்லோரும் எழுந்து போய்விடுகிறார்கள்.

இருந்தாலும் ஏழாம் ஈட்டைப் பற்றி நேர்மையாகச் சொல்ல வேண்டும். நன்றாக வந்தது. ஓரமெல்லாம் மொறுமொறு, இரட்டைக்கிளவியாகவே. கையில் எண்ணெய் ஒட்டவில்லை; பழக்கத்தில் வேட்டியில் துடைத்துக்கொண்டேன். பத்து நிமிடத்துக்குள் தின்றுவிட வேண்டும், ஆறினால் வறட்டி.

தீர்ப்புக்காக அம்மாவிடம் தட்டை நீட்டினேன். ஒன்று எடுத்தாள். இன்னொன்று எடுத்தாள். ஏழாவது எடுத்தபோது, “நல்லாத்தான்டா இருக்கு. ஆனா இது பக்கோடா இல்ல. வேற பேர் வையி” என்றாள்.

எதிர்க்கருதுகோள் வீழ்ந்தது, பெயர்ச் சிக்கல் எழுந்தது. வெங்காய வற்றல் என்று வைக்கலாமென்றால் வற்றல் வெயிலுக்குச் சொந்தம். வடகம் ஏற்கெனவே தாளிப்பு டப்பாவில் இருக்கிறது. மைத்துனன் ‘ஹெல்த்தி பக்கோடா’ என்றான். ஏழாம் ஈட்டில் அவனுக்குப் பங்கு இல்லாமல் போயிற்று. எனவே இதைப் படிப்பவர்களிடம் விடுகிறேன், நல்ல பெயர் ஒன்று சொல்லுங்கள். அம்மாவின் நிபந்தனைகள் இரண்டு. பக்கோடா என்ற சொல் அதில் வரக் கூடாது. மழை பெய்கிற சாயங்காலத்தில் வாசலில் நின்று அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் பிள்ளைகள் ஓடி வர வேண்டும்.