ஸ்டேடியம் பார்க்கப் புறப்படும் வடசென்னை அன்பர்களுக்கு

காசிக்குப் போகிறவருக்குக் கையேடு இருக்கிறது. நூற்றெட்டுத் திவ்ய தேசம் சேவிக்கிறவருக்குப் புத்தகம் இருக்கிறது. நவக்கிரகக் கோயில்களைச் சுற்றிக் காட்டி, மத்தியானச் சாப்பாடும் போட்டு, வீட்டு வாசலில் கொண்டுவந்து விட வேன் இருக்கிறது. ஆனால் ஊர் ஊராகப் போய் ஃபுட்பால் ஸ்டேடியம் பார்த்து, "அங்க கேலரி செங்குத்தா நிக்குது மச்சி, இங்க இன்னா படுத்துனு கீது" என்று ஒப்பிட்டுப் பேசியே ஆயுளைக் கழிக்கும் பக்தனுக்குத் தமிழில் ஒரு துண்டுப் பிரசுரம்கூடக் கிடையாது.

இங்கிலாந்தில் இந்த நோய்க்குச் சங்கமே வைத்திருக்கிறார்கள். அங்கே மேல் நான்கு டிவிஷனில் மொத்தம் 92 கிளப். அத்தனை கிளப்பின் மைதானத்திலும் மேட்ச் பார்த்து முடித்தவரே அதில் சேரலாம். 1978-இல் தொடங்கினார்கள். நமக்கு 92 மைதானம் இல்லாவிட்டாலும் நோய் இருக்கிறது. ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை டீக்கடைக்கு ஒருவராவது இந்த நோயாளி உட்கார்ந்திருக்கிறார். அவர் நலன் கருதிச் சில யோசனைகள்.

1. வீட்டில் சத்தியம் செய்யாதீர்கள்

திருவொற்றியூர்க்காரர்களுக்கு இது முக்கியம். உங்கள் ஊரில் இதற்கு முன்னுதாரணம் இருக்கிறது. சுந்தரர் சங்கிலியாரிடம், "உன்னைப் பிரிய மாட்டேன்" என்று மகிழ மரத்தடியில் சத்தியம் செய்தார். பிறகு திருவாரூர்த் திருவிழா நினைவு வந்தது. புறப்பட்டார். ஊர் எல்லையைத் தாண்டியதும் இரண்டு கண்ணும் போயிற்று. திருவெண்பாக்கத்தில் ஓர் ஊன்றுகோல் கிடைத்தது. காஞ்சிபுரத்தில் ஒரு கண், திருவாரூரில் மறு கண். தமிழில் பதிவான முதல் அவே மேட்ச் பயணம் இதுதான் என்பது என் கருத்து.

ஆகவே, "இனிமே கொச்சி, கோவான்னு எங்கேயும் போக மாட்டேன்" என்று எந்த மரத்தடியிலும் சொல்லாதீர்கள். "போகட்டுமா?" என்று கேட்கவும் செய்யாதீர்கள். மேட்ச் நடக்கும் ஊரில் தூரத்துச் சொந்தத்தில் கல்யாணம் இருக்கிறதா என்று விசாரியுங்கள். மொய் எழுதுகிற செலவு டிக்கெட் செலவோடு சேரும். கண் இரண்டும் பிழைக்கும்.

2. முதல் தலத்தைப் பக்கத்திலேயே முடித்துவிடுங்கள்

எண்ணூர்க்காரர் கும்மிடிப்பூண்டி லோக்கலைப் பிடித்து சென்ட்ரல் மூர் மார்க்கெட் காம்ப்ளெக்ஸில் இறங்கினால், நடக்கிற தூரத்தில் பெரியமேடு நேரு ஸ்டேடியம். விம்கோ நகர்க்காரருக்கு 2021-இலிருந்து மெட்ரோவும் இருக்கிறது.

போகுமுன் தலபுராணத்தை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். அதே இடத்தில் முன்பு இருந்தது கார்ப்பரேஷன் ஸ்டேடியம். 1956 ஜனவரியில் நியூசிலாந்தோடு நடந்த கிரிக்கெட் டெஸ்டில் வினு மன்கட்டும் பங்கஜ் ராயும் முதல் விக்கெட்டுக்கு 413 ரன் சேர்த்தது அங்கேதான். அந்த உலக சாதனை 2008 வரை நின்றது. சேப்பாக்கம் பெருமை பேசும் கிரிக்கெட் நண்பரிடம் இதைச் சொல்லுங்கள். அவர் டீ வாங்கிக் கொடுத்து விஷயத்தை மாற்றுவார். இப்போதிருக்கும் ஸ்டேடியம் 1993-இல் நேரு கோப்பை ஃபுட்பாலுக்காக எழுந்தது.

ஐ.எஸ்.எல். வந்த பிறகு அதற்கு 'மெரினா அரீனா' என்றும் ஒரு பெயர் வைத்தார்கள். உள்ளே போய் மெரினாவைத் தேடாதீர்கள். நான் தேடினேன். மேல் வரிசை வரை ஏறிப் பார்த்ததில் கால்தான் வலித்தது. மெரினா எங்கே போயிற்று என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

3. பெயரை நம்பி ஏமாறாதீர்கள்

சென்னையில் ஜவாஹர்லால் நேரு ஸ்டேடியம் பார்த்தாயிற்று என்று நோட்டில் எழுதுவீர்கள். கோவை போனால் அங்கேயும் ஜவாஹர்லால் நேரு ஸ்டேடியம். கொச்சி கலூரில் ஜவாஹர்லால் நேரு ஸ்டேடியம். டெல்லியில், ஷில்லாங்கில் அதே. சரி, கோவாவில் ஃபத்தோர்டா இருக்கிறதே என்று மட்காவ் போனால், அதன் முழுப்பெயர் பண்டிட் ஜவாஹர்லால் நேரு ஸ்டேடியம். இந்தியாவைச் சுற்றி வந்தவனின் நோட்டு, ஒரே பாடத்தைப் பத்துத் தடவை இம்போசிஷன் எழுதிய பையனின் நோட்டுப்போல இருக்கும்.

கிளப் பெயரும் துணைக்கு வராது. 2018-19 ஐ-லீக் கோப்பையை வென்ற அணியின் பெயர் சென்னை சிட்டி. சொந்த மைதானம் கோயம்புத்தூர்.

4. 'அட்மாஸ்ஃபியர்' என்ற சொல்லைக் கவனமாகப் பயன்படுத்துங்கள்

ஸ்டேடியம் பார்த்துவிட்டு வந்தவன் ஒருமுறையாவது, "இன்னா அட்மாஸ்ஃபியர் மச்சி!" என்று சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் போகவில்லை என்றே நண்பர்கள் முடிவு செய்வார்கள். கொச்சியில் 'மஞ்ஞப்பட' என்ற ரசிகர் கூட்டம் மஞ்சளாக எழுந்து நிற்பதைப் பார்த்தவர் தாராளமாகச் சொல்லலாம். கொல்கத்தா சால்ட் லேக் போனவரும் சொல்லலாம். 1997 ஜூலையில் ஃபெடரேஷன் கப் அரையிறுதிக்கு, ஈஸ்ட் பெங்காலும் மோகன் பகானும் ஆடிய அன்று, 1,31,000-க்கும் மேற்பட்டவர் அங்கே உட்கார்ந்தும் நின்றும் தொங்கியும் பார்த்தார்கள். பைச்சுங் பூட்டியா மூன்று கோல் போட்டார்.

ஆனால் மணலி, எண்ணூர் பக்கத்து டீக்கடையில் இந்தச் சொல்லைச் சத்தமாகச் சொல்லாதீர்கள். 2023 டிசம்பர் 26 நள்ளிரவில் அம்மோனியா கசிந்து, பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு தெருவில் ஓடியவர்கள் அங்கே டீ குடித்துக்கொண்டிருப்பார்கள். அவர்களுக்கு அட்மாஸ்ஃபியர் என்றால் வேறு அர்த்தம்.

5. கேலரிக்கும் கோட்டுக்கும் உள்ள தூரத்தை அளந்து பாருங்கள்

ஸ்டேடியத்தின் தரத்தை அறிய இதுவே சுருக்கு வழி. சென்னை, பெங்களூர் கண்டீரவா, சால்ட் லேக் எல்லாவற்றிலும் மைதானத்தைச் சுற்றி ஓடுபாதை. மேட்ச் நேரத்தில் அதில் ஒருவரும் ஓடுவதில்லை. ஆனாலும் அதற்கு மரியாதை கொடுத்து நாம் தள்ளியே உட்கார வேண்டும். கார்னர் அடிக்க வருகிறவன் யார் என்று மொபைலில் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம்.

நம் கடற்கரை மணல் ஆட்டத்தில் இந்தத் தூரம் பூஜ்யம். கோட்டின் மேலேயே நிற்கிறோம். சில சமயம் கோட்டுக்கு உள்ளே. விங்கில் ஓடுகிறவன் தன் அத்தையைச் சுற்றிக்கொண்டுதான் பந்தைக் கொண்டுபோக வேண்டும். தப்பாக பாஸ் கொடுத்தால் அதே அத்தையிடம் பதில் சொல்ல வேண்டும்.

6. வெளிநாட்டு வீடியோ பார்த்து வாய் பிளக்காதீர்கள்

ஸ்லோவாக்கியாவில் சியெர்னி பலோக் என்று ஒரு சிற்றூர். கேலரிக்கும் மைதானத்துக்கும் நடுவே தண்டவாளம். மேட்ச் நடக்கும்போதே நீராவி ரயில் புகை விட்டுக்கொண்டு போகும். உலகமே பார்த்து அதிசயப்படுகிறது. கொருக்குப்பேட்டையில் தண்டவாளத்தை ஒட்டி ஆடி வளர்ந்தவனுக்கு இதில் என்ன அதிசயம்? பந்து அந்தப் பக்கம் போய்விட்டால் கூட்ஸ் வண்டியின் கடைசிப் பெட்டி கடக்கும்வரை ஆட்டம் நிற்கும். அதற்குள் தோற்கிற டீம் இரண்டு ஆளை மாற்றி, ஸ்கோரையும் மாற்றப் பார்க்கும்.

போர்ச்சுகலின் பிராகாவில், 2003-இல், கல் குவாரியைக் குடைந்து ஸ்டேடியம் கட்டினார்கள். ஒரு கோல் போஸ்ட்டுக்குப் பின்னால் கேலரிக்குப் பதில் பாறைதான் நிற்கிறது. அழகுதான். நம்மிடம் பாறை இல்லை, கன்டெய்னர் இருக்கிறது. நாலு அடுக்கு, ஐந்து அடுக்கு. மேல் அடுக்கின் தலையில் ஏறி உட்கார்ந்த பந்தை மறந்துவிட வேண்டியதுதான். மறு வாரம் அது சிங்கப்பூரில் இருக்கும்.

பியூனஸ் அயர்ஸில் லா போகா என்பது நம் ராயபுரம் மாதிரி துறைமுகத்துப் பேட்டை. அங்கே போகா ஜூனியர்ஸ் பையன்களுக்குச் சட்டை நிறத்தில் தகராறு வந்ததாம். அடுத்து எந்தக் கப்பல் துறைமுகத்துக்குள் வருகிறதோ அதன் கொடி நிறம் என்று முடிவு செய்தார்களாம். வந்தது சுவீடன் கப்பல். இன்றுவரை நீலமும் மஞ்சளும். இந்த முறையை நம் பக்கம் பின்பற்ற வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். உலகத்துச் சரக்குக் கப்பல்களில் பல பனாமாவிலும் லைபீரியாவிலும் பதிவானவை. காசிமேட்டிலிருந்து கத்திவாக்கம்வரை எல்லா டீமும் பனாமா சட்டை போட்டு நின்றால் யார் யாருக்கு பாஸ் கொடுப்பது?

7. கோப்பை வேண்டுமென்றால் வெளியூர் போங்கள்

சென்னையின் எஃப்.சி. ஐ.எஸ்.எல். கோப்பையை இரண்டு முறை வென்றது. இரண்டுமே எதிராளி வீட்டில். 2015 டிசம்பரில் ஃபத்தோர்டாவில் 90-வது நிமிடம்வரை கோவா 2-1 என்று முன்னால் இருந்தது. உள்ளூர்க்காரர்கள் வெடிக்குத் திரி கிள்ளிக்கொண்டிருந்திருப்பார்கள். அவர்கள் கீப்பர் கைபட்டே ஒன்று, மெண்டோசா காலால் ஒன்று: 3-2. 2018 மார்ச்சில் கண்டீரவாவில் பெங்களூரை அதே 3-2. அந்த அணியில் நம் வியாசர்பாடிப் பையன் தனபால் கணேஷ் இருந்தார். அவே மேட்ச்சுக்குப் போனது தண்டச்செலவு என்று வீட்டில் சொன்னால், இந்த இரண்டு ஸ்கோரையும் சொல்லுங்கள். சமாதானம் ஆகமாட்டார்கள். ஆனாலும் சொல்லுங்கள்.

8. சொந்த மைதானத்தின் தலபுராணத்தையும் தெரிந்துகொள்ளுங்கள்

வெளியூர் நண்பர், "உங்க ஏரியா ஸ்டேடியம் எது?" என்று நிச்சயம் கேட்பார். திணறாதீர்கள். ராயபுரத்தில் சரித்திரத்தில் ஏறிய திடல் உண்டு: ராபின்சன் பூங்கா, இப்போதைய அறிஞர் அண்ணா பூங்கா. 1949 செப்டம்பரில் கொட்டும் மழையில் தி.மு.க. தொடக்கக் கூட்டம் அங்கே நடந்தது. கூரை கிடையாது, கேலரி கிடையாது, கூட்டம் கலையவும் இல்லை. ஃபுட்பால் இல்லைதான். ஆனால் நனைந்துகொண்டு நிற்கப் பழகிய ஊர் என்பதற்கு அத்தாட்சி.

"கடற்கரை இருக்கே, அங்கே பெரிய மைதானம் இருக்குமே?" என்று அடுத்த கேள்வி வரும். இங்கேதான் மெரினா விஷயத்தைச் சொல்ல வேண்டும். இந்தக் கரையில் மணல் பெரும்பாலும் தெற்கிலிருந்து வடக்கே நகரும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் சுவர் நீட்டினார்கள். வந்த மணல் சுவரில் முட்டித் தெற்கே தங்கியது. மெரினா ஆண்டுக்கு ஆண்டு அகலமாயிற்று. வடக்கே வர வேண்டிய மணல் வரவில்லை. கடல் கரையைத் தின்றது. இன்று ராயபுரம் தாண்டி எண்ணூர் நெடுக நீங்கள் பார்க்கிற கருங்கல் குவியலெல்லாம் மிச்சத்தைக் காப்பாற்றக் கொட்டியது. கரைக்கு இந்தப் பக்கம் கன்டெய்னர் லாரி வரிசை. இரண்டுக்கும் நடுவே மிஞ்சிய மணலில் போஸ்ட் நட்டு ஆடுகிறோம்.

ஆகவே நண்பரிடம் சொல்லுங்கள்: மைதானம் இருக்கிறது, சற்றுத் தெற்கே தள்ளி மெரினாவில் கிடக்கிறது. அதில் சுண்டல் விற்கிறார்கள்.

9. நோட்டுப் புத்தகம் வைத்துக்கொள்ளுங்கள்

நாலு கட்டம் போதும்: பெயர், ஊர், கட்டிய ஆண்டு, கொள்ளளவு. சால்ட் லேக், 1984. ஃபத்தோர்டா, 1989. கண்டீரவா, 1997. கொல்கத்தா போய் வந்த மறு வாரம் நானும் இப்படி எழுதிக்கொண்டு, காசிமேட்டுப் பக்கம் மணலில் ஒரு செவன்ஸ் மேட்ச் பார்க்க உட்கார்ந்திருந்தேன். உட்கார்ந்தது ஃபைபர் போட்டின் விளிம்பில். ஏழெட்டுப் போட் கரையேறி வரிசையாகக் கிடந்தன. போட்டுக்குப் பத்துப் பேர். பக்கத்தில் வலை பிரித்துக்கொண்டிருந்த தாத்தா நோட்டை எட்டிப் பார்த்தார்.

"கல்கத்தா போனியாமே. எவ்ளோ பேரு குந்தலாம் அங்க?"

"அறுபதாயிரத்துக்கு மேல, தாத்தா."

"எல்லாம் பிளாஸ்டிக் சேரா?"

"ஆமா."

"நகருமா?"

"நகராது தாத்தா. போல்ட்டு போட்டு மாட்டியிருப்பாங்க."

அவர் ஒன்றும் சொல்லவில்லை. நான் அடுத்த வரியில் இந்த மைதானத்தையும் எழுதிவிட முடிவு செய்தேன். பெயர்: கிடையாது. கட்டிய ஆண்டு: கடலைக் கேட்க வேண்டும். கொள்ளளவுக்கு போட்டை எண்ணத் தொடங்கினேன். ஏழு, எட்டு... எண்பது பேர் என்று எழுதப்போகையில் தாத்தா எழுந்து வேட்டியை மடித்துக் கட்டினார்.

"எறங்குங்கபா. தொழிலுக்குப் போணும்."

பத்துப் பேரும் இறங்கினோம். ரெஃப்ரி விசில் ஊதி ஆட்டத்தை நிறுத்தினார். இரண்டு டீம் பையன்களும் வந்து தோள் கொடுத்தார்கள். போட் மணலில் இழுபட்டு, அலையில் ஏறி, இன்ஜின் பிடித்துப் போயிற்று. ஆட்டம் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது. வரிசையில் ஓர் இடைவெளி மட்டும் கடல் தெரிய நின்றது.

கடைசி யோசனை: வடசென்னை மைதானம் எதையும் நோட்டில் ஏற்றும்போது கொள்ளளவை மட்டும் பென்சிலால் எழுதுங்கள்.