ஃபிக்ஸ்-நியூ-ஃபைனல் அண்ணன்

ஆனையூர் மாடி அறையிலிருந்து டெபியன் பேக்கேஜ் பராமரிக்கிற அண்ணனிடம் "ஏண்ணே இன்னும் பழைய வெர்ஷன்?" என்று கேட்டால், "நம்பரைப் பார்த்துப் பேசாதப்பா, திருத்தம் உள்ளே இருக்கு" என்பார். நியாயம்தான். 2014 ஏப்ரலில் ஓப்பன்எஸ்எஸ்எல் குறியாக்க நூலகத்தில் ஹார்ட்பிளீட் ஓட்டை வெளிப்பட்டபோது ஓப்பன்எஸ்எஸ்எல்காரர்கள் 1.0.1ஜி வெளியிட்டார்கள், டெபியனின் வீசி பதிப்போ 1.0.1இ-யிலேயே நின்றுகொண்டு, அந்தத் திருத்தத்தை மட்டும் எடுத்துப் பழையதில் சேர்த்து, வெர்ஷன் வாலில் டெப்7யூ5 என்று போட்டுக் கொடுத்தது. ஓடுகிற சர்வரில் புதுசைக் கொட்டி நாலு வசதியை உடைப்பதற்கு இது எவ்வளவோ மேல். ஆகவே இப்படிப் பேக்போர்ட் செய்வதில் குற்றமில்லை.

குற்றம் அண்ணன் பெயர் வைக்கும் அழகில். பேட்ச் ஃபோல்டரைத் திறந்தால் ஃபிக்ஸ், ஃபிக்ஸ்-நியூ, ஃபிக்ஸ்-நியூ-ஃபைனல், ஃபிக்ஸ்-நியூ-ஃபைனல்-2. ஒவ்வொரு பேட்சின் தலையிலும் எழுத டெபியனில் டெப்-3 என்றொரு முறை உண்டு: என்ன திருத்தம், எங்கிருந்து எடுத்தது, அப்ஸ்ட்ரீமுக்கு, அதாவது மென்பொருளை எழுதுகிறவர்களுக்கு, அனுப்பியாச்சா, கடைசியாகத் தொட்ட தேதி. அண்ணன் எழுதுவது ஒரே வரி: "பிழை திருத்தம்". பிழையைத் திருத்தாமல் பேட்ச் வேறு எதற்காம்? இத்தனைக்கும் வீட்டு விசேஷத்தில் மொய் நோட்டு இவர் கையில்தான். பனங்காடி மாமா 501 என்று ஊர், பேர், இன்ஷியலோடு எழுதுவார்.

வேலை நடந்தால் போதாதா, குறிப்பு எதற்கு என்பார்கள். 2006-இல் டெபியனின் ஓப்பன்எஸ்எஸ்எல்லில் ஓர் எச்சரிக்கையை அடக்குவதற்காகச் சில வரிகளை எடுத்தார்கள். வேலை நன்றாகவே நடந்தது. ஆனால் அதனால் அங்கே உருவான ரகசியச் சாவிகள் எளிதில் ஊகிக்கக்கூடியவையாகிவிட்டன என்பது 2008 மே மாதம்தான் ஊருக்குத் தெரிந்தது. அது பேக்போர்ட் இல்லையே, சொந்தக் கைவேலையல்லவா என்றால், அதைத்தான் சொல்கிறேன்: மேலிருந்து வந்தது எது, நாமே செய்தது எது என்று பேட்சைப் பார்த்ததும் தெரிய வேண்டும். அப்போதுகூட அப்ஸ்ட்ரீமில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் எடுத்தார்கள். அண்ணன் கேட்டாரா இல்லையா என்பது அவருக்கே மறந்துபோயிருக்கும்.

அடுத்த அப்ஸ்ட்ரீம் வெர்ஷன் வரும்போது குட்டு உடையும். "இந்தப் பேட்ச் ஏற்கெனவே போட்டதாகத் தெரிகிறது" என்று கருவி நிற்கும். அப்ஸ்ட்ரீமே சேர்த்துக்கொண்டதா, வேறு ஏதாவது இடிக்கிறதா? அண்ணன் யோசிப்பதில்லை. நேராக ஃபிக்ஸ்-நியூ-ஃபைனல்-3. அவர் தூங்கப் போய்விடுவார்; அவருக்குப் பின் அந்தப் பேக்கேஜைக் கையேற்கிற பையன்தான் ராத்திரி முழுக்க அந்த மூன்றையும் நாலையும் வரிவரியாக ஒப்பிட்டுக்கொண்டிருக்க வேண்டும். இரண்டு வரி எழுத என்ன கேடு?