பூஜ்யத்தைப் பங்கிடுதல்: பணியில் சேரும் நாளின் படிவங்கள் குறித்த ஓர் ஆய்வு

இந்தியாவில் ஒரு நிறுவனத்தில் பணிக்குச் சேர்பவர், முதல் மாதச் சம்பளத்தைக் கண்ணால் காணுமுன்பே தம் நோய், திருமணம், ஓய்வு, மரணம் ஆகிய நான்கையும் முன்கூட்டியே எண்ணிப் படிவங்களில் கையொப்பமிடுகிறார் என்பதும், இதனைப் பெரும்பாலும் மதிய உணவுக்கு முன்பே முடித்துவிடுகிறார் என்பதும் தத்துவ நூலோர் கவனிக்கத் தவறிய உண்மைகளாகும். இச்சடங்கு ‘சேர்க்கை’ எனப்படும். அதற்கு முற்பட்ட நிலை ‘தகுதி’ எனப்படும்.

தகுதியை எண்கள் தீர்மானிக்கின்றன. 1952ஆம் ஆண்டின் வருங்கால வைப்பு நிதிச் சட்டம் 20 பேருக்குக் குறையாத நிறுவனங்களைத் தன் வரம்புக்குள் கொண்டுவந்தது. சம்பள உச்சவரம்பு 2014 செப்டம்பரில் 15,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. இவ்வரம்பைத் தாண்டிய சம்பளத்தில் புதிதாகச் சேர்பவர் ‘விலக்கப்பட்ட ஊழியர்’ என்று, ஊரைவிட்டுத் தள்ளிவைக்கப்பட்டவரைப் போலக் குறிக்கப்படுகிறார். ஆனால் முந்தைய வேலையில் உறுப்பினராகி அப்பணத்தை எடுக்காமல் விட்டிருப்பவர், லட்சம் வாங்கினாலும் விலக்குப் பெறார். இவ்விரு இனத்தாரையும் பிரித்தறியும் கருவியே படிவம் 11.

தொழிலாளர் அரசு காப்பீடான இ.எஸ்.ஐ.யின் காலக்கணிதம் இதனினும் நுட்பமானது. அதன் சம்பள வரம்பு 2017 ஜனவரி முதல் 21,000 ரூபாய். அரையாண்டின் நடுவே சம்பளம் இதனைத் தாண்டினாலும் அவ்வரையாண்டு முடியும்வரை சந்தா தொடரும். ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை 78 நாட்களுக்குக் குறையாமல் சந்தா செலுத்தியவருக்கு, நோய்க்கால உதவித்தொகை பெறும் உரிமை அடுத்த ஜனவரி முதல் ஜூன் வரைக்கானது. ஆகவே ஒழுங்கான ஊழியர் காய்ச்சலைக்கூட நாட்காட்டி பார்த்தே வரவேற்பார் என்று கொள்ளலாம்.

எனினும் இவ்வாய்வின் இதயப்பகுதி நாமினி என்னும் கட்டமேயாகும். நாமினி என்பவர், உறுப்பினர் இறந்தபின் நிதியைப் பெறுவதற்காக உறுப்பினராலேயே குறிக்கப்படுபவர். படிவம் 2 இரு பகுதிகளைக் கொண்டது: முதற்பகுதி வைப்பு நிதிக்கும் இரண்டாம் பகுதி ஓய்வூதியத்துக்கும் உரியவை என்பதால், ஒரே பெயர் இருமுறை எழுதப்படுவதும் உண்டு. ஒருவருக்கு மேற்பட்டோர் குறிக்கப்பட்டால் ஒவ்வொருவருக்கும் உரிய பங்கையும் காட்ட வேண்டும். இருபத்திரண்டு வயது இளைஞர் ஒருவர், அம்மாவுக்கு அறுபதும் அப்பாவுக்கு நாற்பதும் எழுதி, ‘அப்பா பார்த்தால் என்ன நினைப்பார்’ என்று அடித்து, ஐம்பது ஐம்பதாகத் திருத்தி, அடித்தல் திருத்தல் கூடாது என்பதால் புதிய தாள் கேட்டு வாங்கும்போது, அவர் இத்தனை நீதியோடு பங்கிடும் தொகை அந்நாளில் சரியாகப் பூஜ்யம் ரூபாய். இல்லாத பொருளை இவ்வளவு மனச்சான்றோடு பிரித்தவர்கள் பாகப்பிரிவினை வழக்குகளில் அரிதாகவே காணப்படுவர்.

குடும்பம் என்பதற்கும் இங்கே தனி இலக்கணம் உண்டு. மனைவி, மக்கள், உறுப்பினரைச் சார்ந்து வாழும் பெற்றோர் ஆகியோர் அதற்குள் வருவர். படிக்க வைத்த அக்காள் வாராள். குடும்பமற்றவர் தம் விருப்பப்படி எவரையும் குறிக்கலாம் என்றாலும், பின்னர் அவருக்குக் குடும்பம் அமைந்தால் அந்நியமனம் அக்கணமே செல்லாததாகிவிடும். தாலி கட்டும் நேரத்தில் இத்தகைய ஆவணமொன்று உயிர் துறப்பதை எந்தப் புரோகிதரும் அறிவித்ததில்லை.

பெயர்க் கட்டத்தில் இனிஷியல் முன்னே நிற்பதா பின்னே நிற்பதா என்பது ஆதார் அட்டையைப் பார்த்துத் தீர்க்கப்படுவதால், இங்கு விரிவு தேவையில்லை.

எஞ்சியிருப்பது பணிக்கொடைக்கான படிவம் எஃப். 1972ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டம் ஓராண்டு பணி முடித்தவரிடமே இந்நியமனத்தைக் கேட்டது. அலுவலகங்களோ கையோடு கையாக முதல் நாளிலேயே வாங்கிவைத்துக்கொள்ளும் வழக்கத்தை வளர்த்துள்ளன. இதற்குச் சாட்சிகள் இருவர் வேண்டும். அன்று காலைதான் அறிமுகமான பக்கத்து இருக்கைக்காரர் அப்பொறுப்பை மறுப்பின்றி ஏற்கிறார். அவரும் அன்றே சேர்ந்தவராயின், தம் படிவத்தை இவர் பக்கம் நகர்த்திப் பேனாவையும் உடன் கொடுக்கிறார்.